கமக்காரர் வீட்டுக்கு ஏற்ற நாய்க்குட்டியைத் தெரிந்தெடுத்தல்

விதைநெல் வாங்கச் செல்லும் கமக்காரர் எவரும் மூடையின் அழகைப் பார்த்து விலை பேசுவதில்லை. அது எத்தனை மாதத்து நெல், தமது வயலுக்கு எக்காலம் வரை நீர் கிடைக்கும், சென்ற போகத்தில் அது யாருடைய வயலில் விளைந்தது என்பனவற்றையெல்லாம் விசாரித்த பின்னரே மூடையை ஏற்றுவர். உழவு மாடு வாங்கிய காலத்திலும் சுழி பார்த்தனர், பல் பார்த்தனர், நடக்கவிட்டுப் பார்த்தனர். ஆயின் நாய்க்குட்டி மட்டும் பெரும்பாலான வீடுகளுக்கு எவ்வித விசாரணையுமின்றியே வந்து சேர்கின்றது. பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளை தெருவோரத்திற் கண்ட குட்டியைத் தூக்கி வருகின்றது. அயல்வீட்டு நாய் ஈன்ற ஏழு குட்டிகளில் ஒன்று வற்புறுத்திக் கொடுக்கப்படுகின்றது. அன்றேல் பட்டணத்து உறவினர் வளர்க்கும் அல்சேசனைக் கண்டு ஆசைப்பட்டு, மிளகாய் விற்ற பணத்தில் ஒரு பெரும்பங்கு கொடுத்து அவ்வாறான குட்டி ஒன்று வாங்கப்படுகின்றது.

நன்கு பேணப்படும் நாய் 10 முதல் 14 ஆண்டு வரை உயிர்வாழும். 12 ஆண்டு என்று கொண்டால், காலபோகமும் சிறுபோகமுமாக 24 போகங்கள் அது அவ்வீட்டில் உண்டு உறங்கிக் காவல் புரியும். விதைநெல்லில் நேர்ந்த தவறு ஒரு போகத்துடன் தீர்ந்துவிடும். நாயில் நேர்ந்த தவறு அவ்வாறு தீராது. கோழியைக் கொல்லும் நாயையும், வழிப்போக்கரைக் கடிக்கும் நாயையும், தீனி கொடுத்து மாளாத நாயையும் வீட்டார் கொல்ல மனமின்றிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் கொண்டுசென்று விட்டுவிடுகின்றனர். அங்கு அவை பெருகுகின்றன. தடுப்பூசி காணாத அந்நாய்களின் மூலமே விசர்நோய் மீண்டும் ஊர்மனைகளுக்குத் திரும்புகின்றது. ஆகவே குட்டியைத் தெரிந்தெடுத்தல் ஒரு வீட்டாரின் விருப்பத்தோடு முடிந்துவிடும் விடயமன்று.

எவ்வேலைக்கு நாய் வேண்டும்?

குட்டியைப் பார்க்கச் செல்லுமுன் இக்கேள்விக்கு வீட்டாரே விடை காணுதல் வேண்டும். இவ்விடை இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீடும் தோட்டமும் நெருங்கியிருக்கின்றன. ஒழுங்கைகள் ஒடுக்கமானவை, அயல்வீட்டுப் பிள்ளைகளும் பால் கொண்டுவருபவரும் தபாற்காரரும் படலையைத் திறந்து வருவர். இங்கு வேண்டப்படுவது கிணற்றடியிலுள்ள நீரிறைக்கும் இயந்திரத்துக்கும், தாழ்வாரத்தில் கட்டித் தொங்கும் வெண்காயப் பிடிகளுக்கும் இரவில் காவலாயிருந்து, அந்நியர் அடியெடுத்து வைத்ததும் குரைத்து வீட்டாரை எழுப்பும் நாயாகும். கடிக்கும் நாய் இங்குத் தேவையில்லை. குரைப்பதே போதும், கள்வன் அஞ்சுவது நாயின் பல்லிலும் பார்க்க விழித்தெழும் வீட்டாருக்கே. இவ்வேலைக்கு நடுத்தர உடலும் கூரிய செவியும் போதுமானவை.

வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் நிலைமை வேறு. வயல் வீட்டிலிருந்து தொலைவிலிருக்கும். போக காலத்தில் கமக்காரர் வாடி அமைத்து அங்கேயே தங்குவர். இங்கு நாயானது மனிதரின் இராக்காவலுக்குத் துணையாக வரும். அறுவடை இயந்திரம் வந்தபின் களத்தில் சூடு வைத்துப் பல நாள் காத்திருக்கும் தேவை குறைந்துவிட்டது. ஆயினும் கதிர் முற்றும் காலத்துப் பன்றிக் காவல் குறையவில்லை. இவ்விடங்களிற் பலரும் செய்யும் பிழை, துணிச்சல் மிக்க, எதையும் துரத்தும் குட்டியே வேண்டும் எனத் தேடுவதாகும். காட்டுப்பன்றியைத் தனியே எதிர்த்து நிற்கும் நாய் வயிறு கிழிபட்டுத் திரும்பும். முள்ளம்பன்றியைக் கவ்வச் சென்ற நாயின் வாயிலிருந்து முள் பிடுங்கியோர் அத்துன்பத்தை அறிவர். யானை நடமாடும் பகுதியிலோ துணிச்சலுள்ள நாயினால் மனித உயிருக்கே ஆபத்துண்டு. யானையைக் கண்டு குரைத்து அதன் காலடி வரை ஓடும் நாய், யானை திரும்பித் துரத்தியதும் வேறெங்கும் ஓடாது. தன்னை வளர்த்தவர் நிற்கும் இடத்துக்கே ஓடி வரும். யானையும் அதன் பின்னே வரும். எனவே யானைப் பகுதிக்கு வேண்டப்படுவது வாடியை விட்டு அகலாது, மனிதரின் அருகில் நின்று குரைத்து எச்சரிக்கும் நாயாகும். அழைத்தவுடன் திரும்பிவரும் இயல்பே அங்கு முதற்குணம்; வீரம் அதற்கு அடுத்ததே.

மலைநாட்டில் கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு பயிரிடுவோர் வேறொன்றைக் கவனித்தல் வேண்டும். தேயிலைத் தோட்டங்களையும் காட்டுத் துண்டங்களையும் அண்டிய இடங்களில் சிறுத்தை நாயைப் பிடித்துச் செல்வது பலரும் அறிந்ததே. இரவில் வெளியே சங்கிலியிற் கட்டப்பட்ட நாய் தப்பியோடவும் இயலாது நிற்கும். அத்தகைய இடத்தில் நாய்க்குக் கதவுள்ள கொட்டில் ஒன்று இருத்தல் வேண்டும், அன்றேல் அது வீட்டுக்குள் படுத்தல் வேண்டும். இரண்டுக்கும் வசதியில்லாத வீட்டார் குட்டி வாங்காதிருத்தலே நன்று.

குரங்குத் தொல்லைக்காக நாய் வளர்க்க எண்ணுவோர் பலர். ஒரு நாய் ஒரு குரங்குக் கூட்டத்தை விரட்டிவிடும் என்று எதிர்பார்த்தல் வீண். குரங்குகள் மரத்தில் ஏறி இருந்து, நாய் அப்பால் சென்றதும் இறங்கும். நாய் ஒரு மூலையிற் குரைத்துக்கொண்டிருக்க மறுமூலையிற் சோளம் முறியும். மனிதர் ஒருவர் கூடநின்று விரட்டும்போது மட்டுமே நாயினாற் பயன் உண்டு. அவ்வாறு நிற்க வீட்டில் ஆளில்லையாயின் இக்காரணத்துக்காகக் குட்டி வாங்கவேண்டியதில்லை.

வீடும் வளவும்

வேலை தீர்மானிக்கப்பட்ட பின் வீட்டை நோக்குதல் வேண்டும். வளவுக்கு வேலி உண்டா என்பது முதலாவது. கிடுகு வேலியின் அடியிலுள்ள பொட்டுகள் வழியே மூன்று மாதக் குட்டி எளிதில் நுழைந்து தெருவுக்குச் சென்றுவிடும். குட்டி வருமுன் வேலியடைத்தல், வந்தபின் தேடித்திரிவதிலும் செலவு குறைந்தது.

பகலில் வீட்டில் யார் இருக்கின்றனர் என்பது அடுத்தது. கணவனும் மனைவியும் விடியலில் வயலுக்குச் சென்று பொழுதுபட்டுத் திரும்பும் வீட்டில் இரண்டு மாதக் குட்டிக்கு யார் நான்கு வேளை தீனி கொடுப்பர்? நாற்று நடுகையிலும் அறுவடையிலும் ஒருவருக்கும் ஓய்விராது. ஆதலின் அவ்வேலைகள் முடிந்த இடைக்காலத்திலேயே குட்டியைக் கொணர்தல் தகும். பாட்டனோ பாட்டியோ வீட்டிலிருப்பின் குட்டி பழகுவது எளிது; ஆயின் கால் தளர்ந்த முதியோர் உள்ள வீட்டில் பாய்ந்து ஏறும் பெருநாய் அவரை வீழ்த்திவிடக்கூடும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் குழந்தை நடந்து பேசத் தொடங்கும் வரை பொறுத்திருத்தல் நன்று. எந்த நாயையும், எவ்வளவு சாதுவாயினும், சிறு குழந்தையுடன் தனியே விடல் ஆகாது.

கோழி, ஆடு வளர்க்கும் வீட்டார் அவை உள்ள வீட்டிலேயே பிறந்த குட்டியைத் தேடுவாராயின் பெரும் தொல்லை தவிரும். பட்டியிற் பிறந்து ஆட்டின் காலடியில் வளர்ந்த குட்டிக்கு ஆடு புதிய பொருளன்று.

தீனிச் செலவையும் முன்னரே கணக்கிடுதல் வேண்டும். பெரிய இன நாய் ஒன்று ஊர் நாயிலும் இருமடங்கு உண்ணும். வீட்டில் மிஞ்சும் சோறும் குழம்பும் வளரும் பெருங்குட்டிக்குப் போதா. மீன், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நாள்தோறும் சேர்தல் வேண்டும். விலை கொடுத்து வாங்கிய குட்டியைச் சோற்றுக் கஞ்சியில் வளர்த்து, கால் வளைந்தபின் விற்றவரை நோவது முறையன்று.

இனம் பற்றிச் சில

கமக்காரர் வீட்டுக்கு ஊர் நாயே பெரும்பாலும் ஏற்றது. இதைக் கூறும்போது சிலர் முகஞ்சுழிப்பர். குட்டை மயிர், நடுத்தர உடல், வெயிலைத் தாங்கும் தன்மை, குறைந்த தீனியில் வாழும் ஆற்றல், எச்சரிக்கையான செவி ஆகியன இந்நாட்டு வெப்பத்திலும் மழையிலும் பல தலைமுறை பிழைத்து வந்ததனால் அதற்கு அமைந்தவை. இனத்துக்குள்ளேயே கலந்து பிறக்கும் உயர்சாதி நாய்களிற் காணப்படும் பரம்பரைக் குறைபாடுகளும் அதனிடம் குறைவு.

அல்சேசன் நல்ல நாய் என்பதில் ஐயமில்லை. இவ்வினத்துக்கான சங்கம் 1899 இல் ஜேர்மனியில் அமைக்கப்பட்டது. அதன் ஆதி வேலை கமக்காரருக்கு வியப்பளிக்கும்: வேலியில்லாத பயிர் நிலங்களுக்கிடையில் ஆடுகள் மேயும்போது, பயிருக்கும் ஆட்டுக்கும் இடையே உள்ள எல்லையில் ஓடியோடித் தானே வேலியாக நிற்பது. நாள் முழுதும் ஓடுவதற்கென உருவாக்கப்பட்ட அந்நாயை நான்கு முழச் சங்கிலியில் மாமரத்தடியிற் கட்டிவைத்தால், அது நாள்முழுதும் குரைக்கும், பின்னர் கடிக்கும். அதன் இரட்டை மயிர்ப்போர்வை வெலிமடையிலும் நுவரெலியாவிலும் துன்பம் தராது. கிளிநொச்சியின் வைகாசி வெயிலிலோ துன்பமே. இடுப்பு மூட்டுக் கோளாறு இவ்வினத்திற் பரம்பரையாக வருவதால் தாய் தந்தை இரண்டும் நொண்டாது நடப்பதைக் கண்ணாற் கண்டே குட்டி வாங்குதல் வேண்டும்.

டொபர்மானும் ரொட்வைலரும் அனுபவமுள்ளோர் கையில் மட்டுமே அடங்குவன. கூலிக்கு ஆட்கள் வந்துபோகும் கமத்தில் அவற்றை அவிழ்த்துவிடவும் இயலாது, எப்போதும் கட்டிவைத்திருக்கவும் கூடாது. குறுங்கால் டக்சன் அழகானதுதான். ஆயின் அது வளைக்குள் இருக்கும் விலங்கைத் தோண்டிப் பிடிப்பதற்கென வளர்க்கப்பட்ட இனம். அதனை வெண்காயப் பாத்திக்கருகே விட்டவர் மறுநாட் காலை மீண்டும் பாத்தி கட்டவேண்டிவரும். சடைமயிர்ப் பொமரேனியன் போன்றவை வீட்டுக்குள் வாழ்வன. வயற்சேறும் நாயுருவி விதையும் உண்ணியும் அவற்றின் மயிரில் ஏறினால் வாரி எடுப்பதற்கே ஒருவர் வேண்டும்.

தாயைப் பார்த்தல்

குட்டியைப் பார்க்கச் செல்பவர் முதலிற் பார்க்கவேண்டியது தாயை. கதிரைப் பார்த்து விதை எடுப்பது போன்றதே இது. அந்நியர் வந்தபோது தாய்நாய் குரைத்து, வீட்டார் அடக்கியதும் அடங்கி, பின்னர் நெருங்கி மோப்பம் பிடிக்குமாயின் அது நல்ல தாய். குட்டி ஈன்ற நாய் சற்றுச் சினத்துடன் இருப்பது இயல்பு. ஆயின் வீட்டாரையே கடிக்க முனைவதோ, அஞ்சி நடுங்கி மூலையிற் பதுங்குவதோ நற்குறியன்று. அச்சம் மிக்க தாயின் குட்டிகளில் அச்சம் பரம்பரையாலும் வரும், தாயைப் பார்த்துப் பழகுவதாலும் வரும். அஞ்சும் நாயே பெரும்பாலும் கடிக்கும் நாய் என்பதை மறத்தலாகாது. இயலுமாயின் தந்தையையும், முந்திய ஈற்றில் அயலார் கொண்டுசென்ற குட்டிகளையும் விசாரித்தல் நன்று. சந்தையிற் பெட்டிக்குள் வைத்து விற்கப்படும் குட்டிக்குத் தாயைக் காட்ட ஒருவராலும் இயலாது. ஆதலின் அதனை வாங்காதிருத்தல் வேண்டும்.

குட்டி எந்த வயதிற் பிரிக்கப்பட வேண்டும் என்பதில் ஊரில் ஒரு தவறான எண்ணம் நிலவுகின்றது. கண் திறந்ததும் கொண்டுவந்தாற்றான் வீட்டாரோடு ஒட்டும் என்பர். குட்டிக்குப் பத்து முதல் பதினான்கு நாளிற் கண் திறக்கும். அப்போது பிரிக்கப்பட்ட குட்டி நோயுற்று இறப்பது மிகுதி. பிழைத்தாலும், மெல்லக் கவ்வுவது எவ்வாறு என்பதைத் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கற்காமையால் அது பின்னர் பலமாகக் கடித்து விளையாடும். 8 வாரமே தாயிடமிருந்து பிரிப்பதற்குத் தக்க வயது.

மறுபுறம், மிகவும் பிந்துவதும் கேடாகும். அமெரிக்காவின் மெயின் மாகாணத்தில் நடத்தப்பட்டு 1961 இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில் பிறீட்மன், கிங், எலியட் என்போர் உயர்ந்த வேலியிட்ட நிலத்தில் நாய்க்குட்டிகளைத் தாயுடன் மனிதர் தொடாது வளர்த்தனர். வெவ்வேறு வயதில் ஒரு கிழமை மட்டும் மனிதருடன் பழகவிடப்பட்ட குட்டிகள் பின்னரும் மனிதரை அண்டின. 14 வாரம் வரை மனிதரோடு பழகாத குட்டிகளோ காட்டு விலங்குகள் போலாகிவிட்டன. அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்கொட், புல்லர் ஆகிய இருவர் 1965 இல் வெளியிட்ட நூலிலும், 3 ஆம் வாரத்திலிருந்து 12 ஆம் வாரம் வரையான காலமே நாயின் இயல்பு உருவாகும் காலம் என நிறுவினர். ஆகவே வைக்கோற் போரின் அடியிலோ கைவிடப்பட்ட கட்டடத்திலோ மனிதர் அண்டாது வளர்ந்த நான்கு மாதக் குட்டியைப் பிடித்துவந்து வீட்டு நாயாக்குதல் அரிது. வீட்டு முற்றத்தில், பிள்ளைகளின் கையிலும் சமையற் சத்தத்திலும் வளர்ந்த எட்டு வாரக் குட்டியே தேடத்தக்கது.

குட்டியைப் பார்த்தல்

குட்டிகள் உண்டபின் உறங்கும் நேரத்திற் செல்லாது, விழித்து விளையாடும் காலையிற் செல்லுதல் வேண்டும். கண்ணிற் பீளையும் மூக்கிற் சளியும் இருத்தலாகாது. முரசு இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். வெளிறியிருப்பின் கொளுக்கிப் புழுவோ உண்ணியோ குருதியைக் குடித்திருக்கும். உடல் மெலிந்து வயிறு மட்டும் குடம்போல் வீங்கியிருப்பின் அது கொழுமையன்று, புழு. காதினுள் கறுத்த அழுக்கும் நாற்றமும், தோலில் மயிரற்ற வட்டங்களும் சொறியும் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். வாலடியில் மலம் ஒட்டியிருப்பின் வயிற்றோட்டம் உண்டு. முழுவெள்ளைக் குட்டியாயின் அதற்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது நன்று. முழுவெள்ளை நாய்களிற் சிலவற்றுக்குப் பிறவியிலேயே செவிட்டுத்தன்மை உண்டு. உடன்பிறந்தவை திரும்ப, ஒன்று மட்டும் திரும்பாதிருப்பின் அது காவலுக்கு உதவாது.

குணத்தை அறியச் சில எளிய வழிகள் உண்டு. சற்றுத் தள்ளிக் குந்தியிருந்து அழைத்தால் வாலாட்டி வருவது, ஓர் உலோகக் கரண்டியைத் தரையிற் போட்டால் திடுக்கிட்டாலும் சிறிது நேரத்தில் வந்து மோந்து பார்ப்பது, தூக்கி மல்லாத்தினால் முதலில் உதறிப் பின் அடங்குவது ஆகியன நடுத்தரக் குணத்தின் அறிகுறிகள். எல்லாக் குட்டிகளையும் தள்ளி முன்னே பாய்வதையும், எல்லாவற்றுக்கும் பின்னே பதுங்குவதையும் விடுத்து நடுவில் நிற்பதை எடுத்தல் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். எனினும் ஒருநாட் சோதனையைக் கொண்டு நாயின் முழு வாழ்நாளையும் கணித்துவிட இயலாது. ஒரு கிழமை இடைவிட்டு இரண்டாம் முறையும் சென்று பார்ப்பவர் ஏமாறுவது குறைவு. நகத்தின் எண்ணிக்கை, நாக்கின் மறு, நெற்றிப் பொட்டு முதலியவற்றைப் பார்த்து அதிட்டம் கூறுவோர் உளர். அவற்றுக்கும் காவலுக்கும் தொடர்பில்லை.

கடுவனா, பெட்டையா?

பெட்டைக் குட்டியை எவரும் விரும்புவதில்லை. ஓர் ஈற்றிற் கடுவன் குட்டிகள் யாவும் போய்விட, பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டுச் சந்தியில் விடப்படுகின்றன. இது கொடுமை மட்டுமன்று, மூடத்தனமுமாகும். அவ்வாறு விடப்பட்ட பெட்டை ஓராண்டினுள் ஈனும். ஆண்டுக்கு இருமுறை பருவமடையும். கருக்காலம் ஏறத்தாழ 63 நாளே. விட்டவரின் ஒழுங்கைக்கே அதன் குட்டிகள் வந்து சேரும்.

காவலிற் பெட்டை குறைந்ததன்று. பெரும்பாலும் அது வளவை விட்டு அகலாது, விரைவிற் பழகும், பிள்ளைகளோடு ஒட்டும். கடுவனோ பெட்டை நாயின் மணம் பிடித்து ஊரெல்லை கடந்து சென்று சண்டையிட்டுப் புண்ணோடு திரும்பும். காவல் வேண்டிய இரவில் அது வீட்டிலிராது. இரண்டுக்கும் தீர்வு கருத்தடைச் சத்திரசிகிச்சையே. உரிய வயதை அப்பகுதி கால்நடை வைத்தியரிடம் கேட்டறிந்து செய்வித்தல் வேண்டும். கருத்தடை செய்த நாய் காவலை மறந்துவிடும் என்பது ஆதாரமற்ற பேச்சு. இவ்வளவும் அறிந்து பெட்டைக் குட்டியை எடுக்கும் கமக்காரர் நல்ல தெரிவையே செய்கின்றார். பல குட்டிகளுக்கிடையில் விருப்பம்போல் தெரியும் வாய்ப்பும் அவருக்கே கிடைக்கும்.

நோய்கள்

1973 ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதாலும் கடிபட்டோருக்குச் சிகிச்சை கிடைத்ததாலும் அத்தொகை பின்னர் பெரிதும் குறைந்துவிட்டது. ஆயினும் இறப்பு முற்றாக நீங்கவில்லை. இந்நோயின் அறிகுறி தோன்றியபின் மனிதரைக் காப்பாற்றும் மருந்து இல்லையென்றே கொள்ளல் வேண்டும்.

குட்டி வாங்குவோர் இங்கு ஒன்றை மனத்திற் பதித்தல் வேண்டும். விசர்நோய் பெருநாய்க்கே வரும், குட்டிக்கு வாராது என்பது உயிரைக் குடிக்கும் எண்ணம். தாயோ தெருநாயோ கடித்திருப்பின் இரண்டு மாதக் குட்டிக்கும் அது வரும். புதிதாய் வந்த குட்டி விளையாட்டாகக் கவ்வியது, நகத்தாற் கீறியது, புண்ணை நக்கியது எனப் புறக்கணிக்கப்பட்டவற்றால் மரணம் நேர்ந்ததுண்டு. குட்டி கடித்த அல்லது கீறிய இடத்தை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுதல் வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் முதலிய எதனையும் பூசலாகாது. கழுவியபின் அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று குட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். குட்டி இறந்தாலும் ஓடிவிட்டாலும் அதனைத் தவறாது தெரிவித்தல் வேண்டும். பிள்ளைகள் ஏச்சுக்கு அஞ்சிக் கடியை மறைப்பர். ஆதலின் குட்டி வந்த வீட்டில், கடித்தாற் சொன்னால் ஏசமாட்டோம் என்று பெற்றோர் முன்னரே கூறிவைத்தல் தகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கால்நடை வைத்தியரிடமோ விசாரித்து, குட்டிக்குரிய விசர்நோய்த் தடுப்பூசியை உரிய வயதிலும் அதன்பின் ஆண்டுதோறும் ஏற்றுவித்தல் வேண்டும்.

அடுத்தது பார்வோ வைரசு நோய். 1978 அளவில் உலகில் முதன்முதலாக அறியப்பட்டுச் சில ஆண்டுகளில் எங்கும் பரவியது இது. குருதி கலந்த வயிற்றோட்டத்தாலும் வாந்தியாலும் குட்டி சில நாளில் மடியும். இக்கிருமி வளவு மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கக் கூடியது. முன்னர் ஒரு குட்டி இவ்வாறு இறந்த வளவிற்குத் தடுப்பூசி ஏற்றாத மற்றொரு குட்டியைக் கொணர்தல், நோய் கண்ட பாத்தியில் அதே பயிரை மீண்டும் நடுவது போன்றதாகும். இந்நோய்க்கும் டிஸ்ரெம்பர் நோய்க்குமான தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை ஏற்றப்படும்.

வயலில் இறங்கும் நாய்க்கு எலிக்காய்ச்சற் கிருமியும் தொற்றும். நோயுற்றதாகத் தோன்றாத நாயின் சிறுநீரிலும் அக்கிருமி வெளியேறக்கூடும். 2008 இல் இந்நாட்டில் எலிக்காய்ச்சல் பெருமளவிற் பரவியதைக் கமக்காரர் மறந்திரார். நாய்க்கு இதற்கும் தடுப்பூசி உண்டு. நாயின் கூட்டைக் கழுவுவோர் கையிற் காலிற் புண் இருப்பின் மூடிக்கொள்ளல் வேண்டும். குட்டிக்குப் புழு மருந்து இரண்டாம் வாரத்திலிருந்தே இரு கிழமைக்கு ஒருமுறை கொடுக்கப்படும். கொடுக்கப்பட்டதா என விற்பவரிடம் கேட்டறிதல் வேண்டும். கொளுக்கிப் புழுவின் குடம்பி மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைப்பதாதலின் முற்றத்து நாய்மலத்தை நாள்தோறும் அள்ளிப் புதைத்தல் வீட்டார் நலனுக்கே.

வீட்டுக்கு வந்தபின்

குட்டியைக் காலையிற் கொண்டுவருதல் நன்று. பொழுதுபடுமுன் அது புதிய இடத்தை மோந்து பழகிவிடும். தாயின் மணம் ஏறிய சாக்குத் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்கிவந்து படுக்கையில் இட்டால் முதலிரவு அழுகை குறையும். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின்னர் இரு வேளையும் தீனி போதும்.

கமக்காரர் வீட்டில் எளிதிற் கிடைக்கும் சில பொருள் நாய்க்கு நஞ்சாகும். வெண்காயம், உள்ளி ஆகியன பச்சையாயினும் சமைத்தனவாயினும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். ஆகையால் வெண்காயம் மிகுந்த குழம்புச் சோற்றை நாள்தோறும் இடலாகாது. குட்டிக்குச் சோற்றை மீனுடன் தனியே அவித்தெடுத்துவைத்தல் வேண்டும். திராட்சைத் தோட்டமுள்ளோர் உதிர்ந்த பழத்தைக் குட்டி தின்னாதவாறு பார்த்தல் வேண்டும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சமைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். எலிக்கு வைத்த நஞ்சும், அந்நஞ்சுண்டு செத்த எலியும், பூச்சிநாசினி கலந்த வாளியும் ஆண்டுதோறும் பல நாய்களைக் கொல்கின்றன. குட்டி வரும் நாளன்றே பூச்சிநாசினிப் போத்தல்களைப் பூட்டுள்ள பெட்டிக்கு மாற்றுவது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பாகும்.

1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுச் சட்டப்படி நாயை உள்ளூராட்சிச் சபையிற் பதிவுசெய்வது உடையவரின் கடமையாகும். தடுப்பூசி அட்டையைக் காணி உறுதியோடு ஒரே பெட்டியில் வைக்கும் வீட்டார், யாரையேனும் நாய் கடித்த நாளில் அதைத் தேடி அலையமாட்டார்.

வயலுக்குக் குட்டியை அழைத்துச் செல்வதற்கு அவசரம் வேண்டாம். தடுப்பூசிகள் யாவும் முடிந்தபின், அறுவடையும் முடிந்து தாள் மட்டும் நிற்கும் நாளொன்றில், கயிற்றிற் பிடித்து வரம்பின் வழியே முதலில் நடத்துதல் வேண்டும். அப்போது மிதிபட நாற்றுமில்லை, நக்குவதற்கு மருந்து தெளித்த இலையுமில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் இவ்வாறு வரம்பில் நடந்த குட்டி, அடுத்த விதைப்பின்போது வயலுள் இறங்காது வரம்பிலேயே ஓடும்.